பாலக்காட்டுக் கணவாயில் குழந்தைகளோடு சைக்கிளில்

வியாழன், கொழிஞ்சாம்பாறை

சிறு குழந்தைகளோடு சைக்கிள் பயணம் போகிறோம் என்றால், கோவைப் பக்கத்தில் கேட்பவர்கள் உடனே ஆனைகட்டி, வால்பாறை என்று மலைப் பெயர்களை அடுக்கத் தொடங்கிவிடுகிறார்கள். நான்கு வயதுப் பையனைப் பின்னிருக்கையில் கட்டிக்கொண்டு, எட்டு வயதுப் பெண்ணைத் தனி வண்டியில் ஓட்டவிட்டுப் போகிற குடும்பத்துக்கு மலை எதற்கு என்பது என் கேள்வி. எங்களுக்கு வேண்டியவை ஏற்ற இறக்கம் அதிகமில்லாத சாலை, ஆங்காங்கே நிழல், கேட்டால் தண்ணீர் தருகிற வீடுகள், பிள்ளை அழுதால் வண்டியை நிறுத்த ஒரு திண்ணை. இவை எல்லாம் பாலக்காட்டு மாவட்டத்தின் கிழக்கோரமான சித்தூர் வட்டத்தில் தாராளமாகக் கிடைக்கின்றன. அதுவும் மாசி மாதத்தில், அரசமரம் செம்புநிறத் தளிர் விட்டு, இலவமரம் இலையே இல்லாமல் சிவப்பாகப் பூத்து நிற்கும்போது. நம் பழைய கணக்குப்படி மாசியும் பங்குனியும் பின்பனிக் காலந்தான். ஆனால் இந்தக் கணவாயில் பனி விலகும் முன்பே வெயில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. காலை ஆறரை மணிக்குச் சட்டைக்கு மேல் இன்னொன்று போட வேண்டியிருக்கிறது; பதினொரு மணிக்கு நிழல் தேட வேண்டியிருக்கிறது.

மகளின் பள்ளி பொதுத் தேர்வு மையமாகிவிட்டதால் சிறு வகுப்புகளுக்கு விடுமுறை கிடைத்தது. கொழிஞ்சாம்பாறையில் என் தாய்மாமாவுக்குத் தென்னந்தோப்பும் வீடும் இருக்கின்றன. எங்கள் சைக்கிள்களை ஏற்றிவர அவருடைய குட்டியானை என்கிற சிறு சரக்கு வண்டியும் இருக்கிறது. குழந்தைகள் அவரை அப்புச்சி என்றும் அத்தையை அம்மிச்சி என்றும் அழைக்கிறார்கள். இங்கே கடைத்தெருவில் தமிழ் பேசினால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை, மலையாளம் பேசினாலும் அப்படியே.

இன்று மாலை முழுவதும் வண்டிகளைச் சரிபார்ப்பதில் கழிந்தது. மகளின் வண்டி 20 அங்குலச் சக்கரம் கொண்டது, கியர் இல்லாதது. அந்தச் சக்கரம் ஒரு சுற்று சுற்றினால் ஏறத்தாழ 1.6 மீட்டர் நகரும். என் கணவருடைய 26 அங்குலச் சக்கரம் அதே ஒரு சுற்றில் இரண்டு மீட்டருக்கு மேல் போய்விடும். நமக்கு உலா போலத் தெரிகிற வேகம் குழந்தைக்கு ஓட்டமாக இருப்பதற்கு இதுவே பெருங்காரணம். எனவே வேகத்தை முடிவு செய்யும் உரிமையை எங்கள் வீட்டில் மகளுக்குக் கொடுத்திருக்கிறோம். அவள் இருக்கையின் உயரத்தையும் பார்த்தோம்: உட்கார்ந்தபடியே இரு காலின் முன்பாதமும் தரையில் படவேண்டும். கடைக்காரர்கள் "வளர்கிற பிள்ளைதானுங்க" என்று ஒரு அளவு பெரிய வண்டியைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள். வளர்கிற பிள்ளைக்குச் சட்டை பெரிதாக வாங்கலாம், சைக்கிளை அப்படி வாங்கக்கூடாது; கால் எட்டாத வண்டியில் பிரேக்கைவிடப் பயம் முன்னே வந்து நிற்கும்.

சின்னவனின் இருக்கை என் வண்டியின் கேரியர்மேல் பூட்டப்பட்டது. 22 கிலோ வரை தாங்கும் என்று அதன் அடியில் அச்சிட்டிருக்கிறது; அவன் 16 கிலோ. இருபுறமும் பாதத்துக்குக் குழிவான தாங்கியும் அதன்மேல் ஒரு பட்டையும் இருப்பது அலங்காரத்துக்கு அன்று. கேரியரில் கால் தொங்கப்போட்டு வந்த நம் தலைமுறையில் பலருக்குக் கணுக்காலில் ஸ்போக் கிழித்த தழும்பு இன்னும் இருக்கும். தலைக்கவசம் புருவத்துக்கு மேலே இரண்டு விரல் இடைவெளியில் மட்டமாக உட்காரவேண்டும், நெற்றி தெரிய அண்ணாந்து இருக்கக்கூடாது. தாடைப்பட்டைக்குள் இரண்டு விரல் நுழைந்தால் போதும். சின்னவன் தன் கவசத்தைக் கழற்றாமலே இரவு உணவுக்கு உட்கார்ந்தான். தொடக்கத்தில் இந்த ஆர்வம் நல்லதுதான் என்று விட்டுவிட்டோம்.

வெள்ளி, வேலந்தாவளம் சாலை

இந்தப் பக்கத்தில் சைக்கிள் எடுப்பவர்கள் வரைபடத்தைப் பார்க்கும் முன் காற்றைப் பார்க்கவேண்டும். வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலை, இரண்டுக்கும் நடுவே முப்பது கிலோமீட்டருக்கு மேல் அகலமான திறப்பு. மேற்குத் தொடர்ச்சி மலையில் இவ்வளவு பெரிய இடைவெளி வேறெங்கும் இல்லை. ஆனி, ஆடியில் தென்மேற்குப் பருவக்காற்று இதன் வழியே புகுந்துதான் பல்லடம், உடுமலைப் பக்கத்துக் காற்றாலைகளைச் சுழற்றுகிறது. கார்த்திகை முதல் மாசி வரை திசை நேர்மாறு: கிழக்கிலிருந்து வறண்ட காற்று கேரளத்துக்குள் பாய்கிறது. மார்கழியில் பனைமட்டைகள் இரவெல்லாம் சலசலப்பது இதனால்தான் என்று மாமா சொல்வார். மாசியில் வேகம் தணிந்துவிட்டாலும், 20 அங்குலச் சக்கரத்துக்கு அது இன்னும் பெருங்காற்றே.

ஆகவே இன்று கிழக்கே, எல்லையோரமான வேலந்தாவளத்தை நோக்கிப் புறப்பட்டோம். காலையில் கால்களில் தெம்பு இருக்கும்போதே எதிர்காற்றை முடித்துவிட்டு, களைத்தபின் காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு வீடு திரும்புவது பெரியவர்களுக்கும் நல்ல முறை, குழந்தைகளுக்கு இதுவே ஒரே முறை. எனினும் விடிந்தவுடன் கிழக்கே போவதில் ஒரு சிக்கல் உண்டு. சூரியன் நம் கண்ணுக்கு நேரே நிற்கும். அதைவிட முக்கியமாக, நமக்குப் பின்னால் வருகிற லாரி ஓட்டுநரின் கண்ணுக்கும் நேரே நிற்கும். அந்த நேரத்தில் முன்னே போகும் சின்ன சைக்கிள் அவருக்கு ஒரு கரும்புள்ளியாகக்கூடத் தெரியாமல் போகலாம். அதனால் வெயில் சற்று மேலேறட்டும் என்று ஏழரை மணி வரை காத்திருந்து, பிரதான சாலையை விட்டு ஊர்களுக்கு உள்ளே போகும் குறுஞ்சாலைகளையே பிடித்தோம். மகளுக்கு மாம்பழ மஞ்சள் சட்டை. சின்னவனின் இருக்கைக்குப் பின்னால் சிவப்புத் துண்டு ஒன்றைக் கட்டியிருந்தோம்.

போகும் வரிசையும் முன்பே பேசி வைத்தது: முன்னால் நான், நடுவில் மகள், கடைசியில் கணவர், அவர் மட்டும் அவளைவிட ஒரு முழம் வலப்புறம் தள்ளி. இடப்பக்கமாகப் போகிற நாட்டில், முந்துகிற வண்டிகள் குழந்தைக்கு இடம் விட்டுச் செல்ல இந்த ஒரு முழம் உதவுகிறது. எதிர்காற்றில் இந்த வரிசைக்கு இன்னொரு பயனும் இருக்கிறது. காற்றின் எதிர்ப்பு வேகத்தோடு நேராகக் கூடுவதில்லை. எதிரே வரும் காற்றின் வேகம் இரட்டித்தால் தடை நான்கு மடங்காகிறது. முன்னால் போகும் என்னையும், என் பின்னால் வீற்றிருக்கும் சின்னவனையும் தாண்டி மகளுக்குப் போய்ச்சேரும் காற்று குறைவு. ஒரு வண்டி நீளம் இடைவெளி விட்டே வரவேண்டும் என்பது கட்டளை; நான் நிற்கும் முன் கையை உயர்த்தி "நிற்கிறேன்" என்று சத்தமாகச் சொல்லவேண்டும் என்பது எனக்கான கட்டளை.

கேரளம் என்றால் செம்மண் என்று நினைத்து வருகிறவர்களை இந்தக் கிழக்கோரம் திகைக்க வைக்கும். இங்கே இருப்பது கரிசல். மழை மறைவுப் பகுதியாதலால் நிலக்கடலை, காய்கறி, தென்னை, இடையிடையே வரப்பெங்கும் பனை. மாசியில் கரிசல் வெடிக்கத் தொடங்கி, தார்ச்சாலையின் ஓரம் விரலளவு பிளந்து நிற்கிறது. பெரிய டயருக்கு அது ஒன்றுமில்லை. சிறிய சக்கரம் அந்தப் பிளவுக்குள் நீளவாக்கில் இறங்கினால் ஹேண்டில்பார் கையை மீறித் திரும்பிவிடும். எனவே சாலையின் விளிம்பிலிருந்து இரண்டடி உள்ளே வரும்படி மகளுக்குச் சொல்லியிருந்தோம். நீர் பாய்ச்சிய தோட்டங்களின் பக்கம் இதே மண் களியாகி மட்கார்டுக்குள் அப்பிக்கொண்டு சக்கரத்தையே நிறுத்திவிடுகிறது. ஒருமுறை இறங்கிக் குச்சியால் சுரண்ட வேண்டியிருந்தது.

மின்கம்பியில் பனங்காடை ஒன்று, சாம்பலும் பழுப்புமாக, பார்க்கச் சாதாரணமாக உட்கார்ந்திருந்தது. நாங்கள் நெருங்கியதும் பறந்தது. விரிந்த சிறகில் இருந்த நீலத்தைப் பார்த்துச் சின்னவன் கத்திய கத்தலில் நிலக்கடலைக் காட்டில் வேலை செய்துகொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். அவர்களில் மூத்தவர் எங்களை நிறுத்தி, "ஏனுங் கண்ணு, இத்தனை சின்னதுகளக் கூட்டிட்டு எங்க போறீங்க?" என்று கேட்டுவிட்டு, பறித்த கடலைச் செடி ஒரு பிடியைக் கேரியரில் சொருகினார். பச்சைக் கடலையை உரித்துத் தின்பதற்கென்றே அடுத்த மரத்தடியில் கால் மணி நேரம் நின்றோம். பயணம் முழுவதற்கும் நாங்கள் வைத்துக்கொண்ட விதி, அரை மணிக்கு ஒருமுறை, யாரும் கேட்காவிட்டாலும் நிற்பது. தாகமும் பசியும் தெரிந்தபின் நிறுத்தினால் அந்தப் பிள்ளையை மறுபடி வண்டியில் ஏற்றுவது பெரும்பாடு.

எல்லையில் மகள் கோடு எங்கே என்று தேடினாள். சோதனைச் சாவடியும் பெயர்ப்பலகையும் இருந்தனவே தவிர, அவள் வரைபடத்தில் பார்த்த கோடு இல்லை. 2017இல் சரக்கு, சேவை வரி வரும்வரை இத்தகைய எல்லைகளில் லாரிகள் வணிகவரிச் சாவடிகளுக்காக வரிசை கட்டி நிற்கும்; அந்த வரிசை இன்று இல்லாததால் குழந்தைகளோடு சாலையைக் கடப்பது எளிதாயிற்று. தேநீர்க் கடையில் ஆவி பறக்கும் இட்லியும் மோரும் கிடைத்தன.

திரும்பும்போது பின்காற்று. காலையில் மூச்சு வாங்கிய பெண் பெடலே மிதிக்காமல் பாதித் தூரம் வந்தாள். இங்கேதான் பெரியவர்கள் கவனிக்கவேண்டும். காற்று தள்ளும்போது குழந்தைகள் தாங்கள் அறியாத வேகத்துக்குப் போய்விடுகிறார்கள். அவள் விரல்களுக்கு எட்டும்படி பிரேக் நெம்புகோலை உள்ளே இழுத்துவைக்கும் சிறு திருகு அதன் முட்டியிலேயே இருக்கிறது. அதை நேற்றே திருகி வைத்திருந்ததால், இரண்டு விரலால் பிடித்து நிறுத்த அவளால் முடிந்தது.

சனி, சித்தூர்

சித்தூர் மேற்கே இருப்பதால் கணக்கு தலைகீழாகிறது. போகும்போது பின்காற்று, வரும்போது எதிர்காற்று. ஆகையால் ஒருவழிப் பயணமாக வைத்துக்கொண்டு, திரும்புவதற்கு மாமாவைக் குட்டியானையோடு வரச்சொல்லிவிட்டோம்.

விடிகாலையில் இந்தச் சாலைகளில் குழந்தைகளோடு இருக்கக்கூடாது என்று அத்தை எச்சரித்திருந்தார். காரணம் கள் வண்டிகள். கேரளத்தின் தென்மாவட்டங்கள் வரை போகும் கள்ளில் பெரும்பகுதி சித்தூர் வட்டத்துத் தென்னைகளில் இறக்கப்படுவது. இறக்கிய கள் புளிப்பேறும் முன் போய்ச்சேர வேண்டுமென்பதால் அந்தப் பிக்கப் வண்டிகள் பறக்கின்றன. தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை இருப்பதால், கோவையிலிருந்து வந்த எங்கள் குழந்தைகளுக்கு, மரத்தில் கட்டிய பானையும் இடுப்பில் கத்தியோடு ஏறும் ஆளும் புதுக்காட்சி. மாமாவின் தோப்பிலும் சில மரங்கள் குத்தகைக்கு விடப்பட்டிருக்கின்றன. அது என்ன என்று சின்னவன் கேட்டதற்கு அம்மிச்சி சொன்ன பதில் "மருந்து". வண்டிகள் போய்முடிந்த பிறகே கிளம்பினோம்.

சித்தூர் ஆற்றை இங்கே சோகநாசினி என்று அழைக்கிறார்கள். பாரதப்புழையின் கிளையாறு. மாசியிலும் இதில் நீர் தென்படுவதற்குப் பின்னால் ஒரு பெரிய ஏற்பாடு இருக்கிறது: பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தப்படி தமிழகம் ஆண்டுக்கு 7.25 டிஎம்சி (725 கோடி கன அடி) நீரை மணக்கடவு அணைக்கட்டில் கேரளத்துக்கு விடவேண்டும். ஒப்பந்தம் 1970இல் கையெழுத்தானது, ஆனால் 1958 நவம்பரிலிருந்தே நடைமுறைக்கு வந்ததாக எழுதப்பட்டது. அந்த நீர் மூலத்தறையில் பிரிந்து கால்வாய்களில் ஓடுகிறது. கால்வாய்க் கரைப் பாதைகள் லாரி வராதவை, சமமானவை. குழந்தை சைக்கிளுக்கு இதைவிட நல்ல பாதையை நான் பார்த்ததில்லை. ஒன்றை மட்டும் கவனிக்கவேண்டும். கால்வாயில் நீர் இருக்கும்போது நம் வண்டி நீர்ப்பக்கமும் குழந்தையின் வண்டி வயல்பக்கமும் இருக்கவேண்டும், இடப்பக்க விதியை அங்கே மறந்துவிடலாம். தடுமாறுகிற பிள்ளை வயலில் விழுந்தால் சட்டையில் சேறு, அவ்வளவே.

தெக்கே கிராமத்தில் துஞ்சத்து எழுத்தச்சனின் குருமடம் இருக்கிறது. நவீன மலையாளத்தின் தந்தை எனப்படும் அவர் தம் இறுதிக் காலத்தை இந்த ஆற்றங்கரையில் கழித்ததாக மரபு. அக்கிரகாரத் தெருவில் வாகனம் மிகக் குறைவு; மகள் ஒற்றைக் கையை விட்டு ஓட்டிப் பழக, நாங்கள் திண்ணை நிழலில் நின்று பார்த்தோம்.

சித்தூர் பகவதி கோயிலில் இதே பருவத்தில், மலையாளக் கும்ப மாதத்தில், கொங்கன் படை என்று ஒரு திருவிழா நடக்கிறது. படையெடுத்து வந்த கொங்குநாட்டு மன்னனைப் பகவதியின் துணையோடு இவ்வூரார் வென்றதாகச் சொல்லப்படுவதன் நினைவு அது. தேநீர் குடித்த இடத்தில் எங்கிருந்து வருகிறீர்கள் என்று ஒரு பெரியவர் விசாரித்தார். கோயமுத்தூர் என்றோம். நாலு சைக்கிளா என்று கேட்டார். மூன்றுதான், ஒருவன் பின்னால் உட்கார்ந்திருக்கிறான் என்றார் கணவர். "அப்ப இந்தத் தடவை பயமில்லை" என்று சிரித்தபடி அவர் எங்கள் தேநீருக்கும் சேர்த்துக் காசு கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

ஞாயிறு, முதலமடை

இந்தப் பயணத்தை யாராவது ஒரே நாளாகச் செய்யவேண்டுமென்றால் இன்றைய வழியைத்தான் சொல்வேன். குட்டியானையில் தெற்கே கோவிந்தாபுரம் எல்லை வரை போய், அங்கே வண்டிகளை இறக்கி, கிழக்குக் காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு மேற்கே ஓட்டுவது. இடப்பக்கம் முழுவதும் ஆனைமலைத் தொடர் மதில்போல் கூடவே வருகிறது. அதன் தொடர்ச்சியாக நெல்லியாம்பதி மலை. மழைக்காலத்தில் கொல்லங்கோட்டிலிருந்து பார்த்தால் இந்த மதிலில் வெள்ளிக் கோடுகளாக அருவிகள் தெரியும். இப்போது பாறையில் ஈரத்தின் கறை மட்டுமே இருக்கிறது. முகத்தைக் குளிர்விக்க அருவி வேண்டுமென்பவர்கள் ஆனியில் வரட்டும். ஆனால் அப்போது குழந்தையைச் சைக்கிளில் வைத்து ஓட்ட முடியாது.

மாசியில் இங்கே வருவதற்குக் காரணம் மாங்காய். நாட்டிலேயே முதலில் சந்தைக்கு வரும் மாம்பழங்களில் முதலமடையுடையதும் ஒன்று. மற்ற ஊர்களில் மா பூத்துக்கொண்டிருக்கும்போது இங்கே பறிப்பு நடக்கிறது, வடமாநிலங்களுக்கு லாரிகள் கிளம்புகின்றன. சாலையின் இருபுறமும் மாந்தோப்புகள். சில மரங்களில் பூவும் பிஞ்சும் காயும் ஒன்றாக நிற்கின்றன. தரையைத் தொடும் கிளையில் தன் உயரத்துக்கே தொங்கிய கிளிமூக்கு மாங்காயைச் சின்னவன் இருக்கையிலிருந்தபடியே எட்டித் தொட்டான். பறிக்கவில்லை. தொட்டதற்கே தோப்புக்காரர் வந்துவிட்டார். வந்தவர் திட்டுவதற்குப் பதிலாக, காற்றில் விழுந்த காய்களில் நல்லதாக நாலைந்தைப் பொறுக்கிக் கொடுத்தார். செந்தூரம் எது, பங்கனப்பள்ளி எது, காலாப்பாடி எது என்று இலையைக் கசக்கி முகரவைத்து மகளுக்குப் பாடமும் நடத்தினார்.

அவரே இன்னொன்றையும் சொன்னார். அதைக் குழந்தைகளோடு வருகிற எல்லோருக்கும் நான் சொல்லவேண்டும். தோப்புகளில் மருந்து தெளிப்பதைக் கண்டால் வேடிக்கை பார்க்க நிற்காதீர்கள், காற்று வருகிற பக்கமாக விலகிப் போங்கள் என்றார். சற்றுத் தூரத்தில் ஒரு தோப்பிலிருந்து வெண்புகை போல் தெளிப்பு எழுந்தது; காற்று அதைச் சாலைக்குக் குறுக்கே கொண்டுவந்துகொண்டிருந்தது. நாங்கள் ஒரு ஆலமரத்தடியில் அது முடியும்வரை, ஏறத்தாழ அரை மணி நேரம், காத்திருந்துவிட்டே கடந்தோம். சைக்கிள் மிதிக்கிற குழந்தை வாயைத் திறந்து ஆழமாக மூச்சிழுக்கும். காரில் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போவதுபோல் இதைக் கடக்க முடியாது. கொடுத்த மாங்காய்களையும் நன்றாகக் கழுவியே உப்பு மிளகாய் தொட்டோம்.

பதினொரு மணிக்கெல்லாம் தார்ச்சாலை கொதிக்கத் தொடங்கிவிட்டது. மாசி வெயிலை யாரும் மதிப்பதில்லை, ஆனால் இந்தப் பகுதியில் நண்பகலில் அது 35 டிகிரியைச் சாதாரணமாகத் தொட்டுவிடுகிறது. ஓட்டுகிறவருக்குக் காற்று படுகிறது, வியர்வை ஆறுகிறது. பின்னிருக்கையில் என் முதுகுக்குப் பின்னால் அசையாமல் உட்கார்ந்திருப்பவனுக்கு அந்தக் காற்றும் கிடையாது. அவன் பிடரியில் கையை வைத்துப் பார்ப்பதுதான் என் வெப்பமானி. சூடாகவும் வறண்டும் இருந்தால் நிறுத்தி, துண்டை நனைத்துக் கழுத்தில் போட்டு, இளநீரோ மோரோ கொடுக்கவேண்டும். இளநீர்க்காரர் ஒருவர் காயின் வழுக்கையைச் சுரண்டி, ஓட்டிலேயே கரண்டி வெட்டிக் கொடுத்தார். அந்த ஓட்டுக் கரண்டியைச் சின்னவன் இன்னும் விடவில்லை.

முதலமடை ரயில் நிலையத்தைப் படமெடுக்க வருகிறவர்கள் நிறைய. ஆலமரங்கள் நடைமேடை மீதே பந்தல் போட்டிருப்பதுதான் காரணம். பாலக்காட்டையும் பொள்ளாச்சியையும் இணைக்கும் இந்தப் பாதை மீட்டர் கேஜாக இருந்து, அகலப்பாதையாக மாற்றப்பட்டு 2015இல் மறுபடி திறக்கப்பட்டது. ஒரு நாளில் வந்துபோகும் வண்டிகள் சில மட்டுமே. எங்களுக்கு அந்த மரங்கள் வேறு விதத்தில் உதவின. சின்னவன் வழியிலேயே தூங்கிப் போயிருந்தான்.

பின்னிருக்கையில் தூங்குகிற பிள்ளையைப் பற்றி நீட்டியே சொல்லவேண்டும். தலைக்கவசத்தின் பின்பகுதி இருக்கையின் சாய்வில் முட்டுவதால் தலை முன்னால் தள்ளப்பட்டு, தாடை மார்பைத் தொடும்படி தொங்கும். ஒவ்வொரு குழியிலும் கழுத்து வெட்டி இழுக்கும். அப்படியே ஓட்டிக்கொண்டு போகக்கூடாது. நிறுத்தி இறக்கவேண்டும். இறக்கும்போதும் ஸ்டாண்டை நம்பிக் கையை எடுக்கக்கூடாது. 16 கிலோ அவ்வளவு உயரத்தில் இருக்கும்போது வண்டி பக்கவாட்டில் சாய நொடி போதும். கணவர் ஹேண்டில்பாரை இரு கையாலும் பிடித்துக்கொள்ள, நான் பட்டைகளைக் கழற்றித் தூக்கினேன். நடைமேடைச் சிமெண்டு இருக்கையில் துண்டு விரித்து ஆல நிழலில் படுக்கவைத்தோம். ஒன்றரை மணி நேரம் தூங்கினான். மகள் அதுவரை விழுதுகளைப் பிடித்து ஆடினாள், அவள் அப்பா அவளுக்குக் குரங்குப் பெடல் போடச் சொல்லிக்கொடுத்தார். தன் வண்டி தாழ்வாக இருக்கையில் பெரிய வண்டியில் கம்பிக்கடியில் காலை நுழைத்து எதற்காக ஓட்டவேண்டும் என்று அவளுக்குக் கடைசிவரை விளங்கவில்லை. எங்கள் காலத்தில் பிள்ளை அளவு வண்டி எந்த வீட்டிலும் இல்லை என்று சொன்னதை நம்பவும் இல்லை.

வெயில் தாழ்ந்து நாலரைக்குக் கொல்லங்கோட்டை நோக்கிக் கிளம்பியபோது, காற்று நின்றிருந்தது. ஐந்து மணிக்கு மேற்கிலிருந்து வீசத் தொடங்கியது. கோடை நெருங்கும்போது கடற்காற்று பிற்பகலில் கணவாய்க்குள் ஏறிவருவது வழக்கம். காலையில் கிழக்கும் மாலையில் மேற்குமாக, இந்தப் பருவத்தில் ஒரே நாளில் இரண்டையும் பார்க்க நேர்கிறது. ஆக, இறுதியில் சில கிலோமீட்டர் முகத்தில் காற்று. அறுவடை இயந்திரங்கள் நின்ற வயல்களின் நடுவே, நாங்கள் மகளை இருவருக்கும் நடுவில் வைத்து, நடக்கிற வேகத்தைவிடச் சற்றே கூடுதலாக ஊர்ந்தோம். அவள் அழவில்லை, ஆனால் பேசுவதை நிறுத்திவிட்டாள்; பேச்சு நின்றால் அவள் தீர்ந்துவிட்டாள் என்று பொருள். கணவர் இறங்கி நடந்தார், அவளும் இறங்கி வண்டியைத் தள்ளினாள். பனைகளைச் சுற்றிப் பனை உழவாரன்கள் வட்டமிட்டுக்கொண்டிருந்தன. மாமா கொல்லங்கோட்டில் காத்திருக்காமல் எதிரே வந்து எங்களை ஏற்றிக்கொண்டார்.

திங்கள், வீட்டில்

ஓய்வு. மகளின் பின்சக்கரத்தில் சீமைக்கருவேல முள். தோப்பின் தொட்டியில் டியூபை முக்கிக் குமிழி தேடும் வேலையைக் குழந்தைகளிடமே கொடுத்துவிட்டோம். இடத்தைக் கண்டுபிடித்ததும் துடைத்து, உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, அது பளபளப்பு மங்கிக் காயும்வரை பொறுத்திருக்கவேண்டும் என்பதுதான் சின்னவனுக்குப் பிடிக்காத பகுதி. ஒட்டுப் போடும் முன் டயரின் உட்புறத்தை விரலால் தடவி முள்முனையை எடுத்துவிடவேண்டும். அதை விட்டுவிட்டால் பத்தே நிமிடத்தில் மறுபடி பஞ்சர். மாலையில் தோப்புக்குள்ளேயே இரண்டு சுற்று.

செவ்வாய், இராமசேரி

கடைசி நாள் என்பதால் சாப்பாட்டை நோக்கி ஒரு பயணம். குட்டியானையில் எலப்புள்ளிப் பக்கம் வரை போய், அங்கிருந்து வயல்களின் நடுவே இராமசேரிக்கு ஓட்டினோம். தூரம் குறைவு, முந்தாநாள் மாலைக்குப் பிறகு மகளுக்கு இந்த அளவே போதும் என்று முடிவு செய்திருந்தோம். களைத்துப்போன நாளுக்கு மறுநாளோ அடுத்த நாளோ எளிதான ஒரு பயணத்தை வைத்தால், குழந்தையின் நினைவில் களைப்பு கடைசியாக நிற்காது.

இராமசேரி இட்லியைச் செய்கிறவர்கள் தலைமுறைகளுக்கு முன் தமிழகத்திலிருந்து வந்து குடியேறிய முதலியார் குடும்பத்தார். பார்க்க இட்லிக்கும் ஆப்பத்துக்கும் இடைப்பட்ட தட்டையான வட்டம். நெல்வயல் ஓரத்துக் கடையின் அடுக்களை வாசலில் நின்று குழந்தைகள் பார்க்க அனுமதி கிடைத்தது. பானையின் வாயில் பொருந்தும் வளையத்தில் குறுக்கும் நெடுக்குமாக நூல் கட்டி வலைபோல் ஆக்கியிருக்கிறார்கள். அதன்மேல் ஈரத்துணி, துணிமேல் மாவு, மேலே மூடி. கீழே விறகு எரிகிறது. வெந்ததும் துணியோடு தூக்கிக் கவிழ்த்து, துணியின்மேல் கையால் தண்ணீர் தெளித்து மெல்ல உரிக்கிறார் அந்த அம்மா. இட்லியில் துணியின் இழை அச்சு அப்படியே பதிந்திருந்தது. பொடியில் எண்ணெய் விட்டுக் குழைத்துக் கொடுத்தார்கள். வழக்கமாக ஒரு இட்லிக்கு அரை மணி நேரம் எடுத்துக்கொள்ளும் சின்னவன், சைக்கிளில் வந்த பசியில், கேட்காமலே இரண்டாவதை எடுத்துக்கொண்டான்.

இங்கிருந்து கோவைக்கு வாளையார் வழியாகத் தேசிய நெடுஞ்சாலை 544 இருக்கிறது. நேரான பாதை, ஆனால் கொள்கலன் லாரிகள் ஓடும் அந்தச் சாலையில் குழந்தை சைக்கிளுக்கு இடமில்லை. மூன்று வண்டிகளையும் குட்டியானையில் படுக்கவைத்து, பெடல்கள் ஸ்போக்கில் ஏறாதபடி இடையிடையே கோணிச் சாக்கைச் செருகிக் கட்டினோம். இத்தனை நாள் டீசலுக்காகவாவது வாங்கிக்கொள்ளுங்கள் என்று கணவர் நீட்டிய பணத்தை மாமா பார்க்கக்கூட மறுத்துவிட்டார். அத்தைக்கு என்று கட்டிய இட்லிப் பொட்டலத்தை மட்டும் கையில் வாங்கி, பொடி தனியாக இருக்கிறதா என்று பிரித்துப் பார்த்து உறுதிசெய்துகொண்டு, வண்டியைக் கிளப்பினார்.